விமான நிலையச் சோதனையில் கை எதுவரை போகலாம், எங்கே நிறுத்தச் சொல்லலாம்?

கேள்வி இதுதான்: செக்யூரிட்டி செக்கில் தொடை இடுக்கு வரை தடவிப் பார்க்கிறார்கள். இதை மறுக்க வழி உண்டா? தனியறை கேட்பது நல்லதா? ஊழியர் எல்லை மீறினால் யாரிடம் போவது?

சோதனையே வேண்டாம் என்றால் விமானம் ஏற முடியாது. இதில் பேரம் பேச இடமில்லை. ஆனால் யார் கையால், எந்த இடத்தில், யார் பார்க்க, எந்தக் கருவியால் சோதனை நடக்க வேண்டும் என்பதில் பயணிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோட், பெல்ட் போன்றவற்றைக் கழற்றச் சொல்லலாம். துணிக்கு மேல் கைவைத்துப் பார்க்கலாம். உள்ளாடையை இறக்கவோ, அந்தரங்கம் தெரியும்படி துணியைத் தூக்கவோ சொல்வது அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் நடைமுறையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. பெரும்பாலோர் இந்தக் கோட்டை அறியாமல் போவதால்தான் ஒன்று தேவையில்லாமல் பணிகிறார்கள், அல்லது தேவையில்லாத இடத்தில் சண்டை போடுகிறார்கள்.

இவ்வளவு நெருக்கமாகத் தொடுவது எப்படி வழக்கமானது என்று தெரிந்தால் எதைத் தவிர்க்க முடியும் என்பதும் புரியும். அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் மெட்டல் டிடெக்டர் வழியாக அனுப்புவது 1973-இல் தொடங்கியது. அந்தக் காலத்துப் பயம் துப்பாக்கியும் கத்தியும். 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவர் உள்ளாடைக்குள் பி.இ.டி.என். வெடிபொருளைத் தைத்துக் கொண்டு ஏறினார். உலோகம் இல்லாததால் டிடெக்டருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. வெடி சரியாகப் பற்றாததாலும் சக பயணிகள் பாய்ந்து பிடித்ததாலும் விமானம் தப்பியது. அதன் விளைவாக முழு உடல் ஸ்கேனர்கள் மளமளவென்று வந்தன. 2010 இறுதியில் தடவிப் பார்க்கும் முறையும் கடுமையானது. அதாவது கை தொடை இடுக்குக்குப் போவதற்குக் காரணம் அந்த ஒளிவிடம்தான். ஊழியரின் கெட்ட எண்ணம் அல்ல. சில சமயம் அதுவும் இருக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தச் சோதனை ஒரு சங்கிலி. ஸ்கேனர் அலாரம் கொடுத்தால் அந்த இடத்தில் மட்டும் கை வைப்பார்கள். ஊழியரின் கையுறையையோ உங்கள் உள்ளங்கையையோ துடைத்தெடுத்த வெடிபொருள் சோதனையில் அலாரம் வந்தால் முழு உடலையும் தனியறையில் தடவுவார்கள். ஒவ்வொரு பொய் அலாரமும் அடுத்த கட்டத்துக்கு இழுத்துப் போகும். ஆகவே மானத்தைக் காக்க முதல் வழி, வாக்குவாதத்தை விட, முதல் அலாரமே அடிக்காமல் பார்த்துக்கொள்வது.

இப்போது பெரும்பாலான இடங்களில் இருக்கும் ஸ்கேனர் மில்லிமீட்டர் அலை வகை. நீங்கள் கையைத் தூக்கி நிற்கும்போது இரண்டு ஆண்டெனா தூண்கள் உங்களைச் சுற்றி ஓடும். அலை துணியை ஊடுருவி, தோலில் பட்டுத் திரும்பும். எக்ஸ்ரே கிடையாது, அயனியாக்கும் கதிர்வீச்சும் கிடையாது; கர்ப்பிணிகள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. முன்பு இருந்த பேக்ஸ்கேட்டர் எக்ஸ்ரே ஸ்கேனர்கள் உடலின் நிர்வாண வடிவத்தையே காட்டின. அதைப் பொதுவான பொம்மைப் படமாக மாற்றும் மென்பொருளைத் தயாரிப்பு நிறுவனத்தால் உரிய காலத்துக்குள் தர முடியாததால், 2013-இல் அவை அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டன. இன்று ஊழியர் பார்க்கும் திரையில் எல்லாருக்கும் ஒரே கோட்டுருவம்தான் வரும். சந்தேகமுள்ள இடத்தில் மஞ்சள் கட்டம் விழும். “என் உடம்பைத் திரையில் பார்க்கிறார்கள்” என்ற கவலை இந்த வகை மென்பொருள் உள்ள இடங்களில் பழங்கதை.

பிரச்சினை மஞ்சள் கட்டங்கள் கண்டபடி விழுவது. வியர்வை அலையைத் திருப்பி அனுப்பும். அதனால் அக்குளிலும் முதுகிலும் கட்டம் விழும். துணியின் மடிப்பு, தடித்த தையல், பெரிய பொத்தான், அடர்ந்த பின்னல் அல்லது கொண்டை எல்லாமே அலாரம் கொடுக்கும். ஜெர்மனி 2010-இல் ஹாம்பர்க் விமான நிலையத்தில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, பொய் அலாரம் தாங்கவில்லை என்று அடுத்த ஆண்டே பொதுப் பயன்பாட்டைத் தள்ளிவைத்தது. தொடை இடுக்கில் அலாரம் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், பேன்ட்டின் கவட்டைப் பகுதி தொங்கிக்கொண்டிருப்பது. ஸ்கேனருக்குள் காலடி வைக்கும் முன் பேன்ட்டை நன்றாக மேலே இழுத்துவிடுங்கள், துணி உடலை ஒட்டியிருக்கட்டும். பாக்கெட்டில் டிஷ்யூ தாளோ போர்டிங் பாஸோ கூட இருக்கக் கூடாது. இந்தக் கருவிக்கு உலோகமும் காகிதமும் ஒன்றுதான். கால் தடம் வரைந்த இடத்தில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, தூண் ஓடி முடியும் வரை அசையாமல் இருங்கள். அசைந்தால் படம் கலங்கும், இன்னொரு கட்டம் இலவசம்.

இன்னொரு காரணம் பயணிக்குத் தெரியவே தெரியாது. பல ஆண்டுகள் இந்த ஸ்கேனர்களில் ஆண், பெண் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. உள்ளே நுழைபவரின் தோற்றத்தைப் பார்த்து ஊழியர் ஒன்றை அழுத்துவார். தவறானதை அழுத்தினால் மார்பிலோ இடுப்புக்குக் கீழோ அலாரம் நிச்சயம். திருநர்களுக்கு இது ஒவ்வொரு பயணத்திலும் தண்டனையாக இருந்தது. 2015-இல் டென்வர் விமான நிலையத்தில் இரண்டு ஊழியர்கள் இதையே சூழ்ச்சியாக்கியது அம்பலமானது. பிடித்த ஆண் பயணி வந்ததும் ஒருவர் சைகை காட்டுவார், மற்றவர் ‘பெண்’ பொத்தானை அழுத்துவார், இடுப்பில் அலாரம் வரும், முதலாமவர் தடவுவார். இருவரும் வேலை இழந்தார்கள். பாலினம் பார்க்காத புதிய மென்பொருளை 2022-இல் டி.எஸ்.ஏ. அறிவித்தது. பொத்தான் வகைக் கருவி உள்ள இடத்தில் திடீரென்று இடுக்கில் கட்டம் விழுந்தால், “மறுபடி ஸ்கேன் செய்ய முடியுமா, பொத்தான் மாறியிருக்கலாம்” என்று கேட்பதில் தவறே இல்லை.

மூட்டு மாற்று சிகிச்சை செய்தவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தேர்வு செய்கிறார்கள். ஸ்கேனருக்குப் பயந்து மெட்டல் டிடெக்டர் வழியே போகிறார்கள். இடுப்பிலோ முழங்காலிலோ உள்ள உலோகத்துக்கு அது கத்துகிறது. பிறகு கை வைக்கிறார்கள். மில்லிமீட்டர் அலை தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை என்பதால் ஸ்கேனருக்கு அந்த உலோகம் தெரியாது. உடலுக்குள் உலோகம் இருப்பவர்கள் ஸ்கேனரைக் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. பேஸ்மேக்கர் இருந்தால் டிடெக்டர் வளைவில் நிற்காமல் நடந்து கடந்துவிடலாம். கையில் பிடிக்கும் டிடெக்டரை மார்பின் மேல் வெகுநேரம் வைக்க விடாதீர்கள். இன்சுலின் பம்ப், சர்க்கரை சென்சார் விஷயத்தில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அறிவுரை வேறுபடும். சிலர் ஸ்கேனரே கூடாது என்கிறார்கள். கையேட்டைப் பார்த்து, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கடிதம் பற்றி ஒரு மாயை உண்டு. அது சோதனையிலிருந்து விலக்கு தராது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருப்பதை நீட்டிக் காட்டப் பயன்படும், அவ்வளவுதான். அதற்கு டி.எஸ்.ஏ. தளத்தில் கிடைக்கும் அறிவிப்பு அட்டையே போதும். குடல் வெளியேற்றப் பை கட்டியிருப்பவர்களின் பையை ஊழியர் திறக்கவோ கழற்றச் சொல்லவோ கூடாது. துணிக்கு மேல் நீங்களே அதைத் தடவி, பிறகு உங்கள் கையைத் துடைத்துச் சோதிக்கும் வழி இருக்கிறது. செயற்கை மார்பகம் வைத்திருப்பவர்களுக்கும் அதைக் கழற்றச் சொல்லக் கூடாது என்பதே விதி. தலைப்பாகை, தலைமறைப்பு விஷயத்திலும் கழற்றாமல் நீங்களே தடவிக் கையைக் கொடுக்கலாமா என்று கேட்கலாம்; கழற்றியே ஆக வேண்டும் என்றால் தனியறையில் மட்டும். 2010-இல் அன்றைய ஐ.நா. இந்தியப் பிரதிநிதி ஹர்தீப் சிங் புரி ஹூஸ்டனில் தலைப்பாகைக்காகவும், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர் மிசிசிப்பியில் புடவைக்காகவும் நிறுத்தப்பட்டார்கள். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் உடைக்குத் தடவல் கிட்டத்தட்ட உறுதி. அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் பயண நாளுக்கு மட்டும் உடலை ஒட்டிய உடைக்கு மாறுகிறார்கள். அப்படி மாற வேண்டியிருப்பது நியாயமா என்றால், என் கருத்தில் இல்லை; ஆனால் கருவிக்கு நியாயம் தெரியாது.

சங்கிலியின் அடுத்த கண்ணி, துடைத்துப் பார்க்கும் சோதனை. சிறு துணித் துண்டால் உள்ளங்கையையோ பையையோ துடைத்துக் கருவியில் செருகுவார்கள். ஒட்டியிருக்கும் துகளை அயனியாக்கி, அது நகரும் வேகத்தை வைத்து வெடிபொருளா என்று சில நொடிகளில் சொல்லிவிடும். கிளிசரின் கலந்த ஹேண்ட் லோஷன், இதய நோய்க்கான நைட்ரோகிளிசரின் மாத்திரை, தோட்டத்து உரம் ஆகியவை இதை ஏமாற்றும். வரிசைக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், லோஷனை உள்ளே போன பிறகு தடவிக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியம் ஊழியரின் கையுறை. உங்களைத் தடவிய பின் அவர் சோதிப்பது தன் கையுறையைத்தான். முன்னால் நின்றவரிடம் ஒட்டியது அதில் இருந்தால் பழி உங்கள் மேல் விழும். “புதுக் கையுறை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். யாரும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

சரி, தடவல் வந்தே விட்டது. டி.எஸ்.ஏ. முறையில் அது எப்படி நடக்க வேண்டும்? உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஊழியர்தான் செய்ய வேண்டும். தொடும் முன் எங்கே எப்படித் தொடுவேன் என்று சொல்ல வேண்டும். வலி, காயம், கருவி ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். தலை, கழுத்துப்பட்டி, கைகள், முதுகு என்று போகும். இடுப்புப் பட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றி வருவார். பிட்டம், மார்பு, இடுக்கு ஆகிய இடங்களில் புறங்கையைப் பயன்படுத்த வேண்டும். தொடையின் உட்பக்கமாக, உடல் தடுக்கும் இடம் வரை கை மேலே போகும். இது இரண்டு காலுக்கும், முன்னும் பின்னும் உண்டு. துடைப்புச் சோதனையில் அலாரம் வந்தது போன்ற சில சூழல்களில் மட்டும் உள்ளங்கையால் தொடலாம். ஆகவே எந்த அலாரமும் இல்லாமல் உள்ளங்கையால் அழுத்தினால், முன்கூட்டிச் சொல்லாமல் தொட்டால், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால், அது நடைமுறை அல்ல. “நிறுத்துங்கள், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்” என்று உரக்கச் சொல்லலாம். கையைத் தட்டிவிடாதீர்கள், தாக்குதல் என்று எழுதிவிடுவார்கள். தோள்பட்டையில் ஒரு கோடு என்றால் சாதாரண ஊழியர், இரண்டு என்றால் லீட், மூன்று என்றால் சூப்பர்வைசர். மூன்று கோடு வரும் வரை காத்திருங்கள். இந்த ஊழியர்களுக்குக் கைது செய்யும் அதிகாரமில்லை. அவர்கள் மிரட்டுவது போலவே நீங்களும் விமான நிலையக் காவல்துறையை அழைக்கச் சொல்லலாம்.

தனியறை நல்லதா? உரிமை என்ற வகையில் எப்போது கேட்டாலும் தர வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். உள்ளே இரண்டு ஊழியர்கள் இருப்பார்கள். ஆனால் வெளியே நூறு கண்களும் கேமராவும் இருக்கின்றன, அறைக்குள் கேமரா இருப்பதில்லை. மருத்துவக் கருவியைக் காட்ட வேண்டும், தலைமறைப்பைக் கழற்ற வேண்டும் என்றால் தனியறை. வெறும் வழக்கமான தடவல்தான், கூட வர ஆளும் இல்லை என்றால் வெளியே, கேமராவுக்கு முன்னால் நடக்கட்டும். அலாரம் காரணமாக அவர்களே தனியறைக்கு அழைத்தால் துணையைக் கேளுங்கள். எங்கே நடந்தாலும் பெட்டி, கைபேசி, பாஸ்போர்ட் உங்கள் கண்ணில் படும்படி கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தக் களேபரத்தில்தான் பொருள்கள் தொலைகின்றன.

ஸ்கேனரே வேண்டாம் என்பவர்கள் அதற்குள் நுழையும் முன் “ஐ ஆப்ட் அவுட்” என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாற்று முழுத் தடவல்தான் என்பதை மறக்க வேண்டாம். சில பயணிகளுக்கு ஸ்கேனரைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை 2015 டிசம்பரில் டி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டது. உங்கள் பாலின ஊழியர் வர நேரமாகும், அரைமணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும் வரை பைகளை பெல்ட்டில் தள்ளாமல் கையிலேயே வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பாதியில் மனம் மாறி “பயணமே வேண்டாம், போகிறேன்” என்று திரும்ப முடியாது. சோதனை தொடங்கிவிட்டால் விலக முடியாது என்று 2007-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனால் சிவில் அபராதம் வரலாம்.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் டி.எஸ்.ஏ.வில் தளர்வு உண்டு: 12 வயது வரை, 75 வயதும் அதற்கு மேலும். மறுபடி ஸ்கேன் செய்வது, கையைத் துடைப்பது போன்றவற்றை முதலில் முயல வேண்டும். குழந்தையைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. கையைத் தூக்கி நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்தபடியே தடவலும் நாற்காலிக்குத் துடைப்புச் சோதனையும் நடக்கும். 72 மணி நேரம் முன்பே டி.எஸ்.ஏ. கேர்ஸ் பிரிவுக்குச் சொன்னால் உதவிக்கு ஆள் வருவார்.

மற்ற இடங்களில் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே எக்ஸ்ரே வகை ஸ்கேனரை ஒதுக்கிவிட்டது. அங்கே ஸ்கேனரை மறுத்து மாற்றுச் சோதனை கேட்கும் உரிமை விதியிலேயே இருக்கிறது. படத்தை மனிதர் பார்ப்பதாக இருந்தால் பயணியைக் காண முடியாத வேறிடத்தில் அவர் இருக்க வேண்டும், படத்தைச் சேமிக்கக் கூடாது. இந்தியாவில் வளைவு டிடெக்டரும் கை டிடெக்டரும் கைத்தடவலும்தான் பெரும்பாலும். அலாரம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தொடுவார்கள். பெண்களுக்குத் திரையிட்ட தடுப்புக்குள் பெண் ஊழியர். செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வதைப் பற்றி 2021 அக்டோபரில் நடிகை சுதா சந்திரன் பொதுவில் முறையிட, விமான நிலையங்களைக் காக்கும் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்றது. வாயிலில் கழற்றச் சொன்னால் ஷிப்ட் பொறுப்பாளரை அழைத்து இதைச் சொல்லுங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ தளத்திலும் புகார் பதியலாம். பதவி காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அப்துல் கலாமை 2009-இல் டெல்லியிலேயே ஓர் அமெரிக்க விமான நிறுவனம் சோதித்தது; 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்தவரின் கோட்டையும் ஷூவையும் வாங்கிப் போனார்கள். இரண்டுக்கும் பின்னர் மன்னிப்பு வந்தது.

ஒன்றைக் கட்டாயம் பிரித்தறிய வேண்டும். மேலே சொன்ன எல்லாம் ஆயுதம், வெடிபொருள் தேடும் சோதனை. சுங்கம், குடியேற்றம், காவல்துறை செய்வது வேறு சட்டம். ஆடை களைந்த சோதனை அங்கேதான் வரும், அதற்கு ஆதாரமுள்ள சந்தேகம் தேவை. இந்தியச் சுங்கச் சட்டத்தின் 102-ஆம் பிரிவின்படி, சோதிக்கும் முன் அரசிதழ் பதிவு பெற்ற சுங்க அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் அழைத்துப் போகச் சொல்லலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 2020 அக்டோபர் 2 அன்று தோஹாவில் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தை ஒன்று கிடைத்ததும், பத்து விமானங்களின் பெண் பயணிகளை இறக்கிச் சிலரை ஆம்புலன்சில் வைத்து அந்தரங்கப் பரிசோதனை செய்தார்கள். அது எந்தச் செக்யூரிட்டி நடைமுறையும் அல்ல; கத்தார் அரசு மன்னிப்புக் கேட்டது. இப்படி யாராவது அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது: நீங்கள் எந்தத் துறை, எந்தச் சட்டப்படி, எழுத்தில் தருவீர்களா, என் நாட்டுத் தூதரகத்துடன் பேசலாமா?

எல்லை மீறல் நடந்துவிட்டால், விமானம் ஏறும் முன்பே எழுதி வையுங்கள்: முனையம், எந்த வரிசை, நிமிடம் வரை நேரம், ஊழியரின் பெயர் அல்லது எண், சூப்பர்வைசர் பெயர், எந்த இடத்தில் எப்படித் தொட்டார், முன்னால் என்ன சொன்னார். அமெரிக்காவில் சோதனைக்கு இடைஞ்சல் இல்லாமல், திரைகளைப் படமெடுக்காமல் வீடியோ எடுக்கலாம். பல நாடுகளில் அது குற்றம், விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கடிதம் அதே நாளில் விமான நிலைய நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு அமைப்புக்கும் போக வேண்டும். போர்டிங் பாஸில் அடிக்கடி நான்கு ‘எஸ்’ எழுத்துகள் விழுந்து கூடுதல் சோதனைக்குப் போகிறவர்கள் புகாரோடு நிறுத்தாமல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குறைதீர்ப்புத் திட்டமான டி.ஹெச்.எஸ். ட்ரிப் வழியாக நிவாரண எண் கேட்டு, அதை டிக்கெட் பதிவில் போட வேண்டும்.

வழக்கும் போடலாம். டி.எஸ்.ஏ. ஊழியர்களின் வேண்டுமென்றே செய்த அத்துமீறலுக்கு அமெரிக்க அரசு மீது வழக்குத் தொடரலாம் என்று 2019 ஆகஸ்டில் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் நிர்வாக இழப்பீட்டு மனு கொடுத்தாக வேண்டும். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள், ‘எஸ்.எஃப்.-95’ படிவத்தில். துறைக்கு 6 மாதம் அவகாசம். நிராகரித்தால் அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். படிவத்தில் எவ்வளவு இழப்பீடு என்று திட்டவட்டமான தொகை எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. “பின்னர் தெரிவிக்கப்படும்” என்று அதில் எழுதினால் மனுவே செல்லாது.